வண்டு தொடாத உளுந்து

உளுந்து மூட்டைகளைப் பாழாக்கும் பயறு வண்டு, வளர்ந்து சிறகு பெற்ற பின் ஒரு மணியைக்கூடத் தின்பதில்லை. தனக்கு வாய்த்த பத்துப் பன்னிரண்டு நாள் ஆயுளை இணை சேர்வதிலும், வழவழப்பான மணிகளாகத் தேடி முட்டை ஒட்டுவதிலுமே கழித்து மடிந்துவிடுகிறது. தின்று தீர்ப்பதெல்லாம் அதன் புழுதான். முட்டை ஒட்டிய இடத்திலேயே, வெளிக்காற்றைச் சற்றும் அறியாமல், விதைத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும் அந்தப் புழு, மாவுப் பகுதியை அரித்துத் தின்று, நான்கு பருவங்கள் வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வெளியேற வேண்டிய வாயிலை மெல்லிய தோலொன்று மட்டும் மறைத்திருக்கும்படி விட்டுவைத்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளிப்படுகிறது. பெண் வண்டு ஒன்று நூறு முட்டை வரை இடக்கூடியது என்பதையும், முதற் சில முட்டைகள் வயலில் முற்றிய நெற்றின் மேலேயே இடப்பட்டு அறுவடையோடு களஞ்சியத்துக்குள் பிரவேசித்துவிடுகின்றன என்பதையும் சேர்த்து நினைத்தால், தை, மாசியில் குற்றமற்றதாகத் தோன்றிய மூட்டை வைகாசியில் அவிழ்க்கப்படும்போது ஏன் மாவும் ஓட்டையுமாகக் கொட்டுகிறது என்பது விளங்கும்.

காலோசோப்ருகஸ் மாகுலேட்டஸ் என்று பூச்சி சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் இந்த வண்டைப் பற்றி மும்பைத் தமிழர் கவலைப்பட வேண்டியதற்குத் தக்க காரணம் உண்டு. இந்த நகரத்துக்கு இட்லியைப் பழக்கியவர்கள் தென்னாட்டவர். மாதுங்காவில் 1936-இல் தோன்றிய கஃபே மைசூரும், 1940-இல் தோன்றிய கஃபே மெட்ராஸும், 1942-இல் ராம நாயக் நிறுவிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கும் மூன்று தலைமுறைக் குமாஸ்தாக்களுக்கும் மாணவர்களுக்கும் ஊர் நினைவை இலையில் பரிமாறியவை. தாராவியிலோ, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கென்று வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் பலர், நள்ளிரவு கடந்ததும் அடுப்பு மூட்டி, விடியுமுன் பாத்திரங்களில் இட்லியை நிரப்பிக்கொண்டு நகரத்தின் தெருக்களுக்கெல்லாம் புறப்பட்டுவிடுகிறார்கள். தொலி உளுந்தில் வடிக்கும் உளுத்தஞ்சோறும், பூப்பெய்திய பெண்ணுக்குக் கிண்டிக் கொடுக்கும் உளுந்தங்களியும் அந்தக் குடும்பங்களில் இன்னும் வழக்கொழியவில்லை. 1959-இல் ஏழு பெண்கள் எண்பது ரூபாய்க் கடனோடு கிர்காவ் மொட்டைமாடியொன்றில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளமும் உளுந்தின் மாவில் எழுந்ததே. உள்நாட்டு விளைச்சல் போதாமல் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக உளுந்தை வரவழைக்கும் தேசம் இது. கப்பலிலும் கிடங்கிலும் கடையிலும் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் வண்டுக்கு அனுகூலமான வாரம். பெரிய வியாபாரிக்கு அது கணக்கில் எழுதித் தள்ளும் நஷ்டம். ஒரே அறையில் அடுப்பும் கிரைண்டரும் படுக்கையும் வைத்து, பத்துக் கிலோ, இருபது கிலோவாக உளுந்து வாங்கித் தொழில் நடத்தும் குடும்பத்துக்கு, வண்டு விழுந்த ஒரு சாக்கு அந்த வாரத்து லாபத்தை முழுதும் விழுங்கிவிடக்கூடியது.

நம் முன்னோர் இதற்கு உபாயம் அறியாதவர்களல்லர். துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தினார்கள். விதைப் பயற்றை அடுப்புச் சாம்பலில் புரட்டிக் குதிரில் கொட்டினார்கள். வேப்பிலையும் நொச்சியும் இடையிடையே பரப்பினார்கள். பருப்புக்கு ஆமணக்கெண்ணெய் தடவினார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் பௌதிக நியாயம் இருக்கிறது. சாம்பல் மணிகளின் இடைவெளியை அடைத்து வண்டின் நடமாட்டத்தைத் தடுக்கிறது. எண்ணெய் முட்டையின் சுவாசத்தை அடைத்துக் கருவை மாய்க்கிறது. உடைத்த பருப்பில் முட்டை ஒட்ட வாகான முழு மேற்பரப்பு கிடைப்பதில்லையாதலால் அதில் தொல்லை குறைகிறது. ஆயின் இந்த முறைகள் ஒரு குடும்பத்தின் குதிருக்கு ஏற்றவை. ஆயிரம் மூட்டை அடுக்கிய கிடங்குக்கு ஏற்றவையல்ல. கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வைத்துத் தார்ப்பாயால் மூடிப் புகை கட்டுகிறார்கள். அது வெளிவிடும் பாஸ்பீன் வாயு, வண்டைக் கொல்வதுபோலவே மனிதரையும் கொல்லக்கூடியது. சுவரோடு சுவர் ஒட்டிய தாராவியின் அறைகளில் அதைக் கையாள்வது நினைத்தும் பார்க்கத் தகாதது.

இதற்கு வேறு வழி தேடியவர்கள் இதே நகரத்தில் இருக்கிறார்கள். செம்பூரைத் தாண்டி, அணுசக்தி நகரையும் கடந்து, குன்றுக்கும் கடலுக்கும் இடையே அமைந்திருக்கும் டிராம்பே நிலையத்தை, 1957 ஜனவரி 20-ஆம் தேதி நேரு திறந்துவைத்தபோது, அங்கே ஒருநாள் உளுந்துச் செடியும் வளர்க்கப்படும் என்று கூடியிருந்தோரில் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? ஹோமி பாபா மறைந்த பின் 1967-இல் அவர் பெயர் தாங்கிய அந்த அணு ஆராய்ச்சி நிலையத்தின் விவசாயப் பகுதியார், கதிர்வீச்சினால் விதைகளில் மாறுதல் விளைவித்து, விளைந்த மாறுதல்களில் நன்மையானவற்றைப் பொறுக்கி, பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து புதிய ரகங்களை உழவர்களுக்கு வழங்கிவந்திருக்கிறார்கள். அகோலா விவசாயப் பல்கலைக்கழகத்தோடு கூடி அவர்கள் 1985-இல் வெளியிட்ட டி.ஏ.யு.-1 என்ற உளுந்து, மகாராஷ்டிர உழவர்களின் வயல்களில் மிக விரிவாகப் பரவியது. 1999-இல் வெளியான டி.யு. 94-2 என்ற ரகம் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய தென்மாநிலங்களுக்கென்றே உண்டாக்கப்பட்டது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கி நிற்பது அதன் சிறப்பு. நோய்க்கு அஞ்சாத அந்த ரகம், அறுவடையான பிறகு வண்டுக்கு எளிதில் பலியாயிற்று.

வண்டைக் கதிர்வீச்சினாலேயே மாய்க்கலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். மாய்க்கலாம், ஒரு கிலோகிரேக்கு மிகாத சிறிய அளவிலேயே பருப்பிலுள்ள பூச்சியினம் செயலிழக்கிறது, நம் சட்டமும் அதற்கு இடந்தருகிறது. ஆயினும் மூட்டையைக் கோபால்ட் கதிர்வீச்சுக் கூடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் செலவை யார் ஏற்பது? திரும்பி வந்த மூட்டையின் தையல் ஓரமாகப் புதிய வண்டு ஒன்று நுழைந்துவிட்டால், முன்பு பெற்ற கதிர்வீச்சு அதை ஒன்றும் செய்யாது. காவல் வெளியிலிருந்து வரும்வரை அது ஒவ்வொரு முறையும் விலை கொடுத்து வாங்க வேண்டிய காவலாகவே இருக்கும். மணிக்குள்ளேயே காவல் அமைந்துவிட்டால் உழவனுக்கும் செலவில்லை, வியாபாரிக்கும் செலவில்லை, தாராவியில் மாவரைப்பவளுக்கும் செலவில்லை. என்னுடைய அபிப்பிராயத்தில், டிராம்பேயில் நடந்த பயறு ஆராய்ச்சிகளுள் மிக உயர்ந்த நோக்கம் கொண்டது இந்த உட்காவலைத் தேடிச் சென்றதே.

அந்தக் காவல் ஒரு காட்டுச் செடியில் இருந்தது. நாம் உண்ணும் உளுந்தின் மூதாதையான காட்டு உளுந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில், புதர்களைப் பற்றிக்கொண்டு கொடியாகப் படர்ந்து இன்றும் தானே முளைத்து வளர்கிறது. மணி மிகச் சிறியது, தோல் கடினமானது, நெற்று முற்றியதும் வெடித்து விதையைச் சிதறிவிடும். இந்தக் குறைகளையெல்லாம் நம் நாட்டின் ஆதிக்குடியானவர்கள் பல்லாயிரம் விதைப்புகளில் பொறுமையோடு களைந்து, பருத்த மணியும் வெடிக்காத நெற்றும் குத்துச் செடியுமான உளுந்தை நமக்கு ஆக்கித் தந்தார்கள். அந்தப் பெருமுயற்சியின்போது, காட்டுச் செடி வண்டைத் தடுப்பதற்கென்று தன் விதையில் வைத்திருந்த ஏற்பாடுகளிற் சில, ஒருவரும் கவனியாமலே நழுவிப்போயின. அவர்கள் மீது குற்றமில்லை. வண்டு முட்டையிட்ட மணியையும் இடாத மணியையும் கண்ணால் பிரிக்கலாம். புழு வளர முடியாத மணியை எந்தக் கண்ணால் பிரிப்பது?

இந்தக் காட்டு உளுந்தின் ஒரு வகையையும் டி.யு. 94-2 ரகத்தையும் டிராம்பே விஞ்ஞானிகள் கலப்பு மணம் செய்வித்தார்கள். பிறந்த சந்ததியின் ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒற்றை விதை எடுத்து, அதை விதைத்து, அதிலிருந்து மீண்டும் ஒற்றை விதை எடுத்து, இவ்வாறு ஒன்பதாம் தலைமுறை வரை தொடர்ந்து, 104 வம்சங்களை உருவாக்கினார்கள். ஒவ்வொரு வம்சமும் காட்டுப் பாட்டனிடமிருந்து சில துண்டுகளும் நாட்டுப் பாட்டியிடமிருந்து சில துண்டுகளும் பெற்று, இனி மாறாதபடி நிலைத்துப்போன ஒரு தனிக் கலவை. குப்தா, சௌஃப்ராமனியன், கோபாலகிருஷ்ணா ஆகிய மூவரும் 2008-இல் வெளியிட்ட மரபணு வரைபடம் இந்த வம்சங்களை ஆதாரமாகக் கொண்டது. 428 அடையாளக் குறிகள் பதினொரு தொகுதிகளில் வரிசையாக அமர்ந்தன. உளுந்துக்குக் குரோமோசோம் பதினொரு ஜோடியே ஆதலால், வரைபடம் செடியின் உண்மை அமைப்போடு பொருந்தி வந்ததென்று சொல்ல வேண்டும். அதன் மொத்த நீளம், மரபணுத் தூரத்தை அளக்கும் சென்டிமார்கன் கணக்கில், 865.1.

அடையாளக் குறி என்றால் என்னவென்று இங்கே சற்று நின்று சொல்வது அவசியம். தாராவியில் ஒரு வீட்டை விசாரித்துப் போகிறவனுக்கு வீட்டு இலக்கத்தால் பிரயோஜனமில்லை. பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த சந்து, தண்ணீர்க் குழாய்க்கு எதிர் மாடி என்று பக்கத்திலுள்ள நிச்சயமான பொருள்களைச் சொன்னால்தான் போய்ச் சேருவான். வண்டைத் தடுக்கும் மரபணு எதுவென்று தெரியாதபோதும், அதன் அருகில் இருந்து, அதனோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் ஒரு டி.என்.ஏ. துண்டை அடையாளம் கண்டுவிட்டால் போதும். தாயும் தந்தையும் தந்த குரோமோசோம்கள் தம்முள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது, நெருங்கியிருக்கும் இரண்டு குறிகள் அரிதாகவே பிரியும். தொலைவிலுள்ளவை அடிக்கடி பிரியும். பிரிவதன் விகிதத்தையே தூரமாகக் கொண்டு, 1913-இல், மரபியல் அறிஞர் மார்கனின் மாணவரான ஸ்டர்டவன்ட் என்ற இளைஞர் பழ ஈயின் முதல் மரபணு வரைபடத்தை வரைந்தார். அந்தத் தூரத்துக்கு மார்கனின் பெயரை அளவாகச் சூட்டியவர் உயிரியல் அறிஞர் ஹால்டேன்; 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து குடியேறி, வேட்டி ஜிப்பா அணிந்து, 1964-இல் புவனேசுவரத்தில் காலமான அதே ஹால்டேன்.

வரைபடம் கிடைத்த பிறகு வண்டிடம் பரீட்சை வைக்க வேண்டும். ஒவ்வொரு வம்சத்தின் விதைகளையும் தனித்தனி டப்பாவில் இட்டு, வண்டு ஜோடிகளை உள்ளே விட்டு, முட்டையிட்டதும் அவற்றை அப்புறப்படுத்தி, முட்டைகளை எண்ணி வைத்து, பின் நாள்தோறும் டப்பாவைப் பார்த்து, வெளிவரும் புது வண்டுகளைக் குறித்துக்கொண்டே வருவது அதன் முறை. எத்தனை முட்டைகள் முழு வண்டாகத் தேறின என்பது ஒரு கணக்கு. தேறியவை எத்தனை நாள் எடுத்துக்கொண்டன என்பது மற்றொரு கணக்கு. இந்த இரண்டு கணக்குகளையும் 428 குறிகளோடு ஒப்பிட்டு 2010-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: வண்டு தேறும் விகிதத்தைக் குறைக்கும் இடங்கள் இரண்டு, மூன்றாம் தொகுதியிலும் நான்காம் தொகுதியிலும் இருக்கின்றன, வளர்ச்சிக் காலத்தை நீட்டிக்கும் இடங்கள் ஆறு, அவற்றுள் இரண்டு முதல் தொகுதியிலும், மூன்று இரண்டாம் தொகுதியிலும், ஒன்று பத்தாம் தொகுதியிலும் இருக்கின்றன. ஒரு வகை இடமும் மற்றொரு வகை இடமும் எங்கும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருக்கும் பொருள் பெரிது. புழுவைக் கொல்வதும் புழுவைத் தாமதப்படுத்துவதும் காட்டுச் செடியில் வெவ்வேறு ஏற்பாடுகள். தாமதம் என்பது அற்ப லாபமென்று கருதலாகாது. முப்பது நாளில் ஒரு தலைமுறை முடிக்கும் வண்டு ஆண்டில் பன்னிரண்டு தலைமுறை காணும். நாற்பது நாள் பிடித்தால் ஒன்பதுதான். ஒவ்வொரு தலைமுறையிலும் பத்து மடங்கு பெருகுவதாக வைத்துக்கொண்டால், குறைந்த அந்த மூன்று தலைமுறைகள் ஆண்டிறுதியில் வண்டுக் கூட்டத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கிவிடுகின்றன. தேறுபவையும் குறைந்து, தேறியவையும் தாமதமாக வெளிப்பட்டால், அடுத்த அறுவடை வரை மூட்டை தாங்கிவிடும். இரண்டு வகை இடங்களையும் ஒரே விதையில் சேர்க்கலாம் என்ற நம்பிக்கையை டிராம்பேயின் வரைபடம் அளிக்கிறது. வேறொரு நன்மையும் உண்டு: ஒரே மரபணுவை நம்பிய காவலை வண்டு சில ஆண்டுகளில் கடந்துவிடக் கற்றுக்கொள்ளலாம், பல மரபணுக்கள் பகிர்ந்துகொண்ட காவலைக் கடப்பது அதற்கு எளிதன்று.

உளுந்தின் நெருங்கிய உறவான பாசிப்பயற்றில் இத்தேடல் இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. மடகாஸ்கர் தீவில் சேகரிக்கப்பட்ட டி.சி. 1966 என்ற காட்டுப் பயற்றில் வண்டு வளரவே முடியாதென்று ஜப்பானியரான ஃபூஜியும் மியாசாகியும் 1987-இல் தெரிவித்தார்கள். 1992-இல் நெவின் யங் என்பவரும் அவர் தோழர்களும், அந்தச் செடியைப் பயிர்ப் பயற்றோடு சேர்த்துக் கிடைத்த 58 செடிகளைக் கொண்டே, காவல் முழுதும் ஒரே இடத்தில் நிலைகொண்டிருப்பதையும் மிக அருகிலுள்ள குறி அதிலிருந்து 3.6 சென்டிமார்கன் தூரத்தில் இருப்பதையும் நிறுவினார்கள். தாய்லாந்து அறிஞர்கள் அண்மையில் இத்தகைய இடமொன்றை இன்னும் நுணுகி ஆராய்ந்து, செடியின் செல் சுவரைக் கரைக்கும் நொதியைத் தடுக்கின்ற புரதம் ஒன்றின் மரபணுவைச் சுட்டியிருக்கிறார்கள். புழு மணியைக் கரைத்து உண்பதற்கு அந்த நொதியைப் பயன்படுத்துகிறதாகையால், தடுக்கும் புரதம் கலந்த மணி அதற்குச் செரிப்பதில்லை என்பது அவர்கள் கருத்து. ஆப்பிரிக்காவின் தட்டைப்பயற்றிலும் மெக்சிகோவின் காட்டு அவரையிலும் வேறு வேறு புரதங்கள் இதே காவலைச் செய்கின்றன.

இங்கே நாம் எச்சரிக்கையோடு நடக்க வேண்டும். வண்டுக்குச் செரிக்காத பொருள் மனிதருக்குச் செரிக்குமா என்ற கேள்வி நியாயமானது. மடகாஸ்கர் செடியின் காவலை ஏற்றிய பயற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில், அவற்றின் இரத்தத்தில் சில இரசாயன அளவுகள் மாறியிருந்தன. அதனால் ஆராய்ச்சியாளரின் கவனம், மனிதர் ஏற்கெனவே உண்டு பழகிய பயிர்ப் பயறுகளிலேயே வண்டைத் தடுப்பவை உண்டா என்று தேடும் திசைக்குத் திரும்பியது. தைவானிலுள்ள ஆசியக் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் தலேகரும் லின்னும் அத்தகைய சில வகைகளை முன்னரே கண்டறிந்திருந்தார்கள். நம் நாட்டில் உளுந்தைத் தோலோடும் தோலின்றியும், ஊறவைத்தும் புளிக்கவைத்தும், ஆவியிலும் எண்ணெயிலும் வேகவைத்து உண்கிறோம். கைக்குழந்தைக்குக் கஞ்சியாகவும் புகட்டுகிறோம். ஆகவே காட்டு உளுந்தின் காவல் எந்தப் பொருளால் ஆனது, அது ஆவியில் அழிகிறதா, புளிப்பில் அழிகிறதா என்பவற்றைத் தெளிந்துகொள்ளாமல் ஒரு ரகத்தை வெளியிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மாவு பொங்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வண்டு தொடாத உளுந்து இட்லிக்கு உதவாத உளுந்தாகப் போனால், தாராவியில் அதை வாங்குவார் இல்லை.

அடுத்த வேலை என்னவென்பதில் ஐயமில்லை. காவல் இடங்களைத் தாங்கிய வம்சம் ஒன்றை டி.யு. 94-2 போன்ற நல்ல ரகத்தோடு மீண்டும் மீண்டும் பின்கலப்புச் செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலைத் துணுக்கிலிருந்தே டி.என்.ஏ.யைப் பரிசோதித்து, வேண்டிய குறிகள் உள்ள நாற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். வரைபடம் இல்லாத காலத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் செடி காய்த்து, விதை முற்றி, அதன்பின் வண்டை விட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. காட்டுச் செடியின் சிறு மணியும் வெடிக்கும் நெற்றும் வேண்டிய குணத்தோடு வால் பிடித்து வந்துகொண்டே இருந்தன. குறி தெரிந்த இன்று அந்த வாலை நறுக்கிவிட வழி பிறந்திருக்கிறது. உளுந்தின் முழு மரபணுத் தொகுதியும் அண்மை ஆண்டுகளில் படித்து எழுதப்பட்டுவிட்டதாகையால், குறிக்கும் மரபணுவுக்கும் இடையிலுள்ள தூரத்தை இன்னும் சுருக்கலாம். டிராம்பேயில் பிறந்த அறிவு, புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நடத்தும் பயறு ஆராய்ச்சி மையத்துக்கும், சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னர் நெற்பயிருக்கு ஊடாகவே உளுந்து தெளிக்கும் தஞ்சை உழவர்களுக்கும் போய்ச் சேரும் பாதையை அரசும் ஆராய்ச்சி ஸ்தாபனங்களும் பணமும் ஆளும் தந்து விரைவுபடுத்த வேண்டும். வருஷா வருஷம் அப்பாதை தாமதப்படுவதற்குரிய விலையைச் செலுத்துகிறவர்கள், மூட்டையைப் பூச்சி விழுமுன் விற்றுவிட வேண்டுமே என்று அறுவடை மாதத்து அற்ப விலைக்குத் தள்ளிவிடும் சிறு உழவர்களே. நான்கு மாதம் வைத்திருந்து விற்க அவர்களுக்கு முடிந்தால், அந்த நான்கு மாத விலையேற்றம் இடைத்தரகரைச் சேராமல் அவர்கள் வீட்டுக்கு வரும்.

காட்டு உளுந்தின் கதியும் இதே அளவு கவலைக்குரியது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வகை. மலைச் சரிவுகளில் அதன் உறவினங்கள் இன்னும் எத்தனையோ விதமான காவல்களைத் தாங்கி நிற்கக்கூடும். சாலை அகலப்படுத்துவோரும், கல் உடைப்போரும், மலை வாசஸ்தலங்களில் விடுதி கட்டுவோரும் அந்தப் புதரை ஒரு செடியென்றே கணக்கில் கொள்வதில்லை. விதை வங்கியின் குளிர் அறையில் சேமிப்பது அவசியமே; ஆனால் குளிர் அறையிலுள்ள விதை வண்டோடு போராடிப் புதிய காவலைக் கற்றுக்கொள்வதில்லை. அது மலையில், வண்டு இருக்கும் இடத்தில், தலைமுறை தலைமுறையாக முளைத்துக் காய்க்க வேண்டும். அவ்விதம் காய்க்கும் சரிவுகளிற் சிலவற்றையேனும் பயிர்களின் மூதாதையர்க்கென்று ஒதுக்கிக் காப்பது மகாராஷ்டிர அரசுக்குப் பெரிய செலவாகாது. சேகரிக்கப் போகிறவர்களுக்கும் காலம் குறுகியது: மழை ஓய்ந்து நெற்று கறுத்த பின், அது வெடித்து விதையைச் சிதறுமுன், இடையில் கிடைக்கும் சில வாரங்களுக்குள் அவர்கள் மலையேறிவிட வேண்டும்.